பூசணிப் பூவுக்கு ஒரு கேமரா

பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறவள் அவள். லாரி ஓட்டும் கணவன் வீடு தங்குவதே அபூர்வம். பூசணித் தோட்டமும் பிள்ளைகள் படிப்பும் அவள் தலையில். யாரையும் லேசில் நம்பியிருந்தால் அந்தத் தோட்டம் என்றோ கைமாறியிருக்கும்.

இந்த வருடம் பிஞ்சு நிற்கவில்லை. பூ என்னவோ கொள்ளையாகப் பூத்தது. பிஞ்சு மஞ்சளித்து, வெம்பி, உதிர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் தோட்டத்தில் காய் உருண்டு கிடந்தது. அவளுக்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தச் சமயம் பார்த்து ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி வந்து, பூவுக்கு நேராகத் தாழ்வாக ஒரு கேமராவைக் கட்டினாள்.

“எந்தத் தேனீ எப்ப வருதுன்னு இது பாத்துக்கும் அக்கா.”

“தேனீயையா, என்னையா?”

வேலை செய்யும்போதெல்லாம் அதைச் சாக்குப் போட்டு மூடினாள்.

“என்ன அண்ணி, கேமராவுக்குக் குளிருதா?” என்று வேலியோரம் சிரித்தான் கொழுந்தன். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. ஆள் இல்லாத நேரம் பார்த்து இவன்தான் எதையோ தெளிக்கிறான். மாட்டட்டும்! சாக்கை உருவி எறிந்தாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் மடிக்கணினியோடு வந்தபோது, இவள் கொழுந்தனையும் கையோடு இழுத்து வந்தாள்.

“நீயும் உக்காந்து பாரு. அப்புறம் வீண் பழின்னு சொல்லக் கூடாது.”

திரையில் பொழுது விடிந்தது. பூ விரிந்தது. தேனீ ஒன்று வந்து உட்கார, கணினி தானாகவே அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டது. இன்னொன்று. இன்னும் இரண்டு. பிறகு ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள் வந்தன. மருந்து புகையாகப் படர்ந்தது. கட்டங்கள் மறைந்தன. பூ வாடும்வரை ஒரு கட்டம்கூடத் திரும்ப வரவில்லை.

“பாத்தியா! ஆம்பளை பூட்ஸ்!”

கொழுந்தன் குனிந்து பார்த்தான். “அண்ணனோட பூட்ஸ் ஆச்சே அண்ணி. இப்ப நீங்கதானே போட்டுக்கறீங்க?”

அவள் வாசலில் கிடந்த பூட்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

“விடியக்காலைலயா மருந்து அடிக்கிறீங்க அக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“அப்பதானே காத்து இருக்காது? வண்டை விரட்ட வேணாமா?”

“தேனீ வர்ற நேரமும் அதுதான். அது வரலைன்னா பிஞ்சு நிக்காது. பூ மூடினப்புறம் சாயங்காலம் அடிங்க.”

கொழுந்தன் கூரையைப் பார்த்தான்.

“சிரிக்கிறியா?”

“ஐயோ, நான் மூச்சே விடலை அண்ணி.”

“சரி, இனிமே சாயங்காலம்தான்.” எழுந்தவள் வாசலில் நின்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: “இவன் தோட்டத்திலயும் ஒண்ணு கட்டும்மா. என் தேனீ அங்கயும்தானே போகுது? இவன் எப்ப அடிக்கிறான்னு நானும் பாக்கணும்.”