எஞ்சினுக்குத் தண்ணீர் சுமந்த கல்யாணம்

என் வாயால் எனக்கு இரண்டு சம்பந்தங்கள் தட்டிப் போயின. முதலாவது வேலந்தாவளத்துக்காரர்கள். சந்தைக்கு வந்த கையோடு ஒரு ஜோடிக் காளையையும் பிடித்துக்கொண்டு பெண் பார்க்க வந்திருந்தார்கள். காப்பியைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி உள்ளே போயிருக்க வேண்டியவள் நான். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, இடது பக்கத்துக் காளை காலை இழுக்கிறதே, பார்த்துத்தான் வாங்கினீர்களா என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் காளையைப் பார்க்கப் போனார், திரும்பி வரவே இல்லை. இரண்டாவது கோபாலபுரம். மாப்பிள்ளை என் பெயரைக் கேட்டார், சொன்னேன். உங்கள் பெயர் என்ன என்று நானும் கேட்டேன். அதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதனால் மூன்றாவதாக மீனாட்சிபுரத்துச் சம்பந்தம் வந்தபோது அம்மா முந்திக்கொண்டாள். வந்தவர்கள் பாயில் உட்காருவதற்குள், "எம்பொண்ணு வாயே தொறக்காதுங்க. அது இருக்கற எடமே தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். அடுக்களையில் நின்றிருந்த என் தங்கை சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் அன்று அரை நாள் ஊமை வேஷம் போட்டேன். நிச்சயமும் ஆகிவிட்டது.

அதோடு அம்மா விடவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, மாமியார் வீட்டுக்குள் போய்ப் பால் காய்ச்சும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். பால் பொங்கிவிட்டால் பிறகு யாரும் பெண்ணைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. எனக்கும் பயம்தான். அமைதியான பெண் என்று சொல்லித் தலையில் கட்டியிருக்கிறோம். குட்டு வெளிப்பட்டால் ஆயுசு முழுக்க அந்த மாமியாரிடம் பேச்சு வாங்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம் அது. முகூர்த்தம் காலையில் புதுநகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் ரயிலில் வந்திருந்தார்கள். என் மாமியாருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸின் டீசல் வாடையை நினைத்தாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். கரிப்புகை மட்டும் எப்படி ஒத்துக்கொண்டது என்று கேட்கக் கூடாது. ஆகவே திரும்பிப் போவதும் ரயிலில்தான் என்று ஆயிற்று. மத்தியான வண்டியில் ஏறினால் பொழுதோடு மீனாட்சிபுரத்தில் இறங்கி, இருட்டுவதற்குள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்துவிடலாம். அன்று அதைத் தவறவிட்டால் தொல்லை. மறுநாள் கரிநாள், அதற்கடுத்து அஷ்டமி, பிறகு நவமி. மூன்று நாளும் புதுப்பெண் வீட்டுப் படி ஏற முடியாது, மாரியம்மன் கோயில் மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சீர்ப் பாத்திரங்கள் ரயிலின் கடைசிப் பெட்டியான கார்டு வண்டியில் ஏறின. அண்டா, தவலை, குடங்கள், போசிகள் எல்லாம் பித்தளை. என் அப்பா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கியவை. ஏற்றும்போதே மாமியார் ஒரு சட்டம் சொன்னார். சீர்ப் பாத்திரத்தில் முதன்முதலில் விழுவது தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு டம்ளர் மோர்கூட அதில் ஊற்றக் கூடாதாம். அவர் குரலுக்குக் கார்டே விறைப்பாக நின்றார்.

இப்போது அந்தப் பாதையில் போகிறவர்கள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுகிறார்கள், மலையைப் படம் எடுக்கிறார்கள். அன்றைக்கும் மலை அங்கேயேதான் இருந்தது. ஒரு பக்கம் நெல்லியாம்பதி நீலமாக எழுந்து நிற்கும், நடுவில் வயல்களும் பனைகளும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலுக்கு ஜன்னல் புகுந்து வெளியேறும். எங்களுக்கு அதெல்லாம் கண்ணிலேயே பட்டதில்லை. மழை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் மலையை நிமிர்ந்து பார்ப்போம். அன்று நான் முதன்முறையாக அதை முழுசாகப் பார்த்தேன். பேச முடியாதவளுக்கு வேறு என்னதான் வேலை? மீட்டர்கேஜ் வண்டி வளைவில் திரும்பும்போது முன்னால் எஞ்சினும் தெரியும், மலையும் தெரியும், புகை மலைமேல் சாய்ந்து போகும். அழகாகத்தான் இருந்தது. அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல முடியாததுதான் பெரிய வேதனையாக இருந்தது.

பக்கத்தில் இருந்தவர் என் கணவர். அவரும் பேசவில்லை. எதிரே மாமனார், அவருக்குப் பக்கத்தில் கொழுந்தன்மார் இருவர். நான்கு பேரும் ஒரே அச்சு. கேட்டால் தலையை ஆட்டுவார்கள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அந்தப் பெட்டியில் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் மாமியார். பந்தியில் ரசம் நன்றாக இருந்தது என்றார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாயசத்தில் வெல்லம் தூக்கல் என்றார். அதற்கும் பதில் இல்லை. தூக்கல் இல்லை, சரியாகத்தான் இருந்தது என்று என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

கொல்லங்கோட்டைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது, நின்றதுதான். எஞ்சின் வழக்கமாகத் தண்ணீர் குடிக்கிற இடம் அதற்கு முந்தி இருந்ததாம், கோடையில் அங்கே கிணறு வற்றிப் போய்த் தொட்டி காலி. இங்கே கிடைக்கும் என்று நம்பி வந்தால் இங்கேயும் தொட்டியின் அடியில் பாசிதான் இருந்தது. நெருப்பை அடக்கி வைத்திருப்பதாகவும், அடுத்த தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓட்டிப் போகும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் போதும் என்றும் டிரைவர் சொன்னார். இல்லையென்றால் பாலக்காட்டிலிருந்து வேறு எஞ்சின் வர வேண்டும். அது இருட்டிய பிறகுதான் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கையை விரித்தார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் ஒரு குளம் இருந்தது. தண்ணீரும் இருந்தது. மொண்டு வரத்தான் பாத்திரம் இல்லை. தீயணைக்கத் தொங்கவிட்டிருந்த சிவப்பு வாளிகளில் ஒன்றில் அடி இல்லை, மற்றவற்றில் மணல். பயணிகளிடம் இருந்ததெல்லாம் தூக்குப்போசிகள். அதை வைத்துக்கொண்டு எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டுவது நடக்கிற காரியமா?

மாமனார் வானத்தைப் பார்த்தார். மகன்களும் வானத்தைப் பார்த்தார்கள். எங்களோடு வந்திருந்த ஒரு சொந்தக்காரம்மா, பெண் ரயிலில் கால் வைத்த நேரம் அப்படி என்று காதில் விழும்படி முணுமுணுத்தார். எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுந்தால் ஊர் முழுக்க எனக்கு ராசியில்லாதவள் என்று பெயர் வைத்திருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. கார்டு வண்டி நிறையப் பாத்திரம். மாமியார் சட்டம் போட்டிருந்ததால் அதை வாயால் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. மாமியாரும் கார்டு வண்டிப் பக்கம் திரும்பாமல் பிடிவாதமாகப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் முடியவில்லை. அம்மாவின் தலை நினைவுக்கு வந்தது. அது கெட்டியான தலைதான், ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டியை விட்டு இறங்கி மாமியார் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க அத்தை, சீர்ப் போசியெல்லாம் சும்மாதானுங்க கெடக்குது. எடுத்து மொண்டா என்னுங்க?"

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. மாமியார் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"அதுல மொதல்ல நம்மூட்டுக் கெணத்துத் தண்ணிதான் உளுகோணும்னு சொல்லியிருக்கறனல்ல?"

அதோடு நான் வாயை மூடியிருந்தால் நல்ல மருமகள். மூடவில்லை.

"வேற தண்ணி உளுந்தாப் போசியப் புளி போட்டு வெளக்கிப்போடலாமுங்க. வந்த அன்னைக்கே மூணு நாளு கோயில்ல உக்கோந்த மருமகள எதைப் போட்டுங்க வெளக்கறது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மகன்கள் பக்கம் திரும்பி, "என்ன மரமாட்ட நிக்கறீங்க? எறக்குங்கடா" என்றார்.

அதன்பிறகு அந்த ஸ்டேஷன் ஸ்டேஷனாக இல்லை. குளத்திலிருந்து எஞ்சின் வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கல்யாணக் கூட்டம், சந்தைக்குப் போனவர்கள், ஒரு பட்டாளத்துக்காரர், பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கார்டு என்று எல்லோரும் கை கொடுத்தார்கள். குடம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. அண்டாவை மட்டும் மூங்கில் நுழைத்து நாலு பேர் தூக்கினார்கள். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் ஏற்றிய வண்டியின் மேல் டிரைவர் நின்று வாங்கி ஊற்றினார். குளத்துத் தண்ணீரில் கெண்டைக் குஞ்சும் பாசியும் வருகிறது, வடிகட்டத் துணி வேண்டும் என்று அவர் கத்த, மாமியார் மாப்பிள்ளையின் தோளிலிருந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை உருவி மேலே அனுப்பினார். என் கழுத்து மாலையை ஸ்டேஷன் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டின்மேல் மாட்டிவிட்டு நானும் வரிசையில் சேர்ந்துகொண்டேன். மேற்பார்வை மாமியார். ஒரு குடம் தளும்பினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். வரிசையின் கடைசி வரைக்கும் பெயர் சொல்லித் திட்டினார், பெயர் தெரியாதவர்களைச் சட்டை நிறத்தைச் சொல்லித் திட்டினார். எல்லோரிடமும் பேசினார். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வரிசையில் எனக்கு அடுத்து நின்றவர் என் கணவர். இருவருமே கரியும் சேறுமாக இருந்தோம். ஒரு தவலையை வாங்கும்போது, "கனமா இருக்குதா?" என்று கேட்டார். தாலி கட்டிய பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சந்தோஷத்தில் எனக்கு அடுத்த குடத்தின் கனம் தெரியவில்லை. கனமில்லை என்று தொடங்கி, ரசம், பாயசம், மலை, புகை என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் நின்று கேட்டார். தலையையும் ஆட்டினார்.

போதும் என்று டிரைவர் கையைக் காட்டியதும் கூட்டம் முழுக்கக் கைதட்டியது. பாத்திரங்களைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. அண்டா ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, குடங்களெல்லாம் கரி. மாமியார் ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. இப்போது பெட்டியில் எல்லோரும் பேசினார்கள், அவர் மட்டும் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். சரி, தீர்ந்தது என் கதை என்று நினைத்துக்கொண்டேன்.

மீனாட்சிபுரத்தில் மாட்டு வண்டிகள் காத்திருந்தன. விரட்டு விரட்டு என்று விரட்டி, பனை உச்சியில் வெயில் மிச்சம் இருக்கும்போதே வீட்டு வாசலுக்குப் போய்விட்டோம். ஆரத்தி எடுக்க நின்ற பெண்கள் கரி பூசிய புதுப்பெண்ணைப் பார்த்துத் தட்டைச் சுற்ற மறந்து நின்றார்கள். மாமியார் அவர்களை ஒரு அதட்டு அதட்டினார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். ஒரு போசியைப் புளி போட்டு விளக்கி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பால் காய்ச்சினேன். பொங்கியது.

அப்போதுதான் மாமியார் மற்ற பெண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்தினார். கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று, அம்மா சொன்னது பொய்தான் அத்தை, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான் என்று தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"உன்ற அம்மா, பொண்ணு வாயே தொறக்காதுன்னு சொன்னப்ப எனக்குச் சப்புன்னு ஆயிப்போச்சு கண்ணு. இந்தூட்டுல நாலு ஆம்பளைங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. இத்தன வருசமா நானே கேட்டு நானே பதில் சொல்லிட்டிருக்கறேன். அஞ்சாவதா நீயும் அப்படியே வந்து சேர்றயேன்னு நேத்து ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல."

அவர் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார்.

"உக்காரு. பேசு."

"என்னத்தைங்க அத்தை பேசறது?"

"என்னத்தையாச்சும் பேசு. நான் சொல்றதுக்கு எதுத்துப் பேசு. அந்தப் பாயசத்துல வெல்லம் தூக்கலா இல்லையா, அதைச் சொல்லு மொதல்ல."

சொன்னேன். அவர் மறுத்தார். நான் விடவில்லை. நடுவில் மாமனார் கதவைத் திறந்து, பசியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.