காற்றை அளந்தவள்

தான் செய்யும் வேலையை வீட்டில் விளக்கிச் சொல்லி அவள் ஒருநாளும் ஜெயித்ததில்லை. "புளோரின் நிறைய ஏறின திரவத்தையெல்லாம் அளக்கறேன்" என்றால், "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?" என்று கேட்பார் கணவர். பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறவர் அவர். அளப்பது என்றால் அவருக்கு லிட்டர், கிலோ, கிலோமீட்டர், அவ்வளவுதான்.

அவள் அளந்தது வேறு. ஒரு திரவம் எத்தனை டிகிரியில் கொதிக்கும், எவ்வளவு கனம், மூடிய குடுவைக்குள் அதன் ஆவி எவ்வளவு அழுத்தும், தண்ணீரில் எவ்வளவு கரையும். கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் 'அநேகமாகக் கரையாது' என்பதுதான். அதைச் சொல்ல அவளுக்கு நாலைந்து மாதம் பிடிக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்பதை நாலு தசம இடம் வரைக்கும் நிரூபிப்பதுதான் தன் உத்தியோகம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மூன்றாம் மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டியது அவளுடைய மேஜை. ஒரு தண்ணீர்த் தொட்டி இரவும் பகலும் இருபத்தைந்து டிகிரியிலேயே நிற்கும். அதற்குள் கண்ணாடிக் குடுவை, மேலே அழுத்தமானி, பக்கத்தில் இருமிக்கொண்டே ஓடும் பம்ப். அலுவலகத்தில் அவளுக்கு 'அளவம்மா' என்று பெயர். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை பாடம் எடுப்பாள். அந்தப் பாடத்தை அவள் நடத்துவதைப் பார்த்தால் மேடைக்கு வந்த நாடகக்காரி என்றுதான் தோன்றும்.

முதலில் ஒரு பாட்டிலை நீட்டுவாள். "தண்ணி மாதிரிதானே இருக்கு, தூக்கிப் பாருங்க." தூக்குகிறவர் கை சட்டென்று இறங்கும், தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம் அது. பிறகு ஒரு குழாயில் எண்ணெய், தண்ணீர், இந்தத் திரவம் மூன்றையும் ஊற்றிக் குலுக்குவாள். கொஞ்ச நேரத்தில் மூன்றும் தனித்தனிக் குடித்தனம் போய்விடும். இந்தத் திரவத்துக்கு அடித்தளம். "யாரோடயும் சேராது. யாராலயும் கெடாது. வருஷக்கணக்கா வெச்சிருந்தாலும் அப்படியே இருக்கும்" என்பாள், பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

"ஒரே ஒரு கெட்ட பழக்கம். காத்தைக் குடிக்கும். தண்ணி குடிக்கறதைவிட எத்தனையோ மடங்கு. அந்தக் காத்தை வெளிய எடுக்காம அளந்தீங்கன்னா, இதோட ஆவியை அளக்க மாட்டீங்க, காத்தையும் சேத்து அளப்பீங்க. அதனால குடுவையைச் சுத்தித் திரவ நைட்ரஜன் ஊத்தி உறைய வைக்கணும், மேல இருக்கற காத்தை பம்ப் வெச்சு இழுக்கணும், உருக விடணும். இப்படி மூணு சுத்து. ரெண்டு இல்ல, ரெண்டரை இல்ல."

இதற்குப் பிறகுதான் அவளுடைய கிரீடம் வெளியே வரும். ஒரு தடித்த கையேட்டைப் பிரித்து ஒரு வரிசையைக் காட்டுவாள். ஒரு புளோரின் ஈதர்; இருபத்தைந்து டிகிரியில் ஆவியழுத்தம் முப்பத்தேழு புள்ளி நாலு பாதரச மில்லிமீட்டர். "இருபத்தேழு வயசுல நான் அளந்தது. உலகத்துல இதை முதல்ல அளந்தது நான்தான்." உலகத்தில் வேறு யாருக்கும் அதை அளக்கத் தோன்றவில்லை என்பதையும் அவளே சேர்த்துச் சொல்வாள். தன்னடக்கம்போல இருக்கும், ஆனால் கையேட்டை மூடமாட்டாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது ஓர் ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது. யாரோ ஒருவர் அதே ஈதரை அளந்து கட்டுரை எழுதியிருக்கிறார், ஆவியழுத்தம் முப்பத்திரண்டு புள்ளி ஒன்று என்கிறார், பழைய மதிப்பு தவறு என்கிறார். பழைய மதிப்பு உங்களுடையது என்பதால் அச்சிடுவதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று இதழாசிரியர் மரியாதையாக எழுதியிருந்தார். கட்டுரை ஏதோ ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்திருந்தது. பெயருக்குப் பதில் முதலெழுத்துகள்தான் இருந்தன.

அவள் மனதில் உடனே ஒரு பையன் உருவாகிவிட்டான். இருபத்தாறு வயது, ஒட்டவெட்டிய முடி, மூன்று சுற்று எதற்கு என்று கேட்கிற ரகம். அன்று சாயங்காலமே சமையலறை மேஜையில் உட்கார்ந்து நாலு பக்கம் பதில் எழுதினாள். அவ்வளவு நல்ல உரைநடை அவள் பேனாவிலிருந்து அதுவரை வந்ததில்லை. 'அனுபவமின்மையால் நேரும் பிழைகளை நாம் கனிவோடு நோக்க வேண்டும்' என்று ஒரு வாக்கியம். அதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள்.

"நல்லா இருக்கு" என்றார் அவர். "அந்தப் பையன் அழுதுடுவான்."

"அழட்டும், அழுதாத்தான் கத்துப்பான்."

நாலு பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கு ஆசை விடவில்லை. புதிதாக ஓர் அளவும் எடுத்து, 'இன்றும் அதே முப்பத்தேழு புள்ளி நாலு' என்று கீழே போட்டுவிட்டால் பையன் வாயைத் திறக்கமாட்டான். உண்மையைத் தேடி அவள் திரும்ப அளக்கவில்லை. பையனைச் சத்தமில்லாமல் உட்காரவைக்கத்தான் அளந்தாள். இதைப் பிற்பாடு யாரிடம் சொன்னாலும் மறைக்காமல் சொன்னாள்.

அலமாரியின் பின்வரிசையில் பழைய பாட்டில் முத்திரையோடு இருந்தது. மூன்று சுற்று ஒழுங்காக முடித்து, குடுவையைத் தொட்டியில் இறக்கி, முள் நிற்கும்வரை காத்திருந்தாள். முப்பத்திரண்டு புள்ளி இரண்டு.

அழுத்தமானி கெட்டுவிட்டது என்று பம்ப் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் அரைநாள் சரிபார்த்துவிட்டு, "மேடம், மீட்டர் கல்லு மாதிரி இருக்கு" என்றார். சரி, இத்தனை வருடத்தில் திரவம்தான் கெட்டிருக்கும் என்று நினைத்தாள். நினைத்த வேகத்திலேயே 'யாராலயும் கெடாது' என்று இருபது வருடமாகப் பாடம் எடுத்த குரல் காதில் விழுந்தது. அப்போதும் விடவில்லை. தூய்மைச் சோதனைக்கு அனுப்பினாள். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் என்று வந்தது. பாட்டிலைப் பார்த்து, உனக்காவது கொஞ்சம் கெட்டுப்போகத் தெரிந்திருக்கக் கூடாதா என்று முணுமுணுத்தாள்.

மறுநாள், யாரும் பக்கத்தில் இல்லாத மதிய நேரத்தில், ஒரே ஒரு சுற்று மட்டும் முடித்து அளந்தாள். முள் ஏறி, தயங்கி, முப்பத்தேழு புள்ளி ஐந்தில் நின்றது.

பம்ப் இருமிக்கொண்டே இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கீழ்த்தளத்துக்குப் போய் பழைய நோட்டுகளைக் காக்கும் ஸ்டோர்காரரைப் பிடித்தாள். இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய நோட்டு, பச்சை அட்டை, ஈர வாசனை. அந்த ஈதரை அளந்த வெள்ளிக்கிழமையின் பக்கத்தில் அவளுடைய அழகான கையெழுத்து: 'சுற்று முடிந்தது. நைட்ரஜன் தீர்ந்தது. பஸ் 5.10.'

சுற்று முடிந்தது. எத்தனை சுற்று என்று இல்லை. நைட்ரஜன் வண்டி திங்கட்கிழமைதான் வரும், பஸ் ஐந்து பத்துக்கு. அந்த மூன்று வரியைப் படித்தால், ஒரே சுற்றோடு கிளம்பிவிட்டாள் என்று யாருக்கும் விளங்கிவிடும். அவளுக்கு மட்டும் இருபத்தாறு வருடம் விளங்கவில்லை. கட்டுரை எழுதும்போது 'வழக்கமான மூன்று சுற்றுகளுக்குப் பின்' என்று கை தானாக எழுதியிருக்கிறது, மனமும் அதையே நம்பியிருக்கிறது. அவ்வளவு அவசரமாக எங்கே போனாள் என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சினிமாவாக இருக்கலாம். செருப்பு வாங்கப் போயிருக்கலாம். உலகத்தில் முதல்முறையாக ஒரு பொருளை அளக்கிறவள் ஒரு ஜோடி செருப்புக்காக ஓடியிருக்கிறாள்.

"என்னம்மா, தேடினது கெடச்சுதா?" என்றார் ஸ்டோர்காரர்.

"கெடச்சுது. கெடைக்காம இருந்திருக்கலாம்."

அவளுக்கு இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. நடுவில் வேறொரு ஆய்வகமும் இதே ஈதரை அளந்து, முப்பத்தாறு புள்ளி எட்டு என்று வெளியிட்டிருந்தது. அவளுக்கு அது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். அங்கே வேலை பார்க்கும் நண்பரை, கூட்டங்களில் எல்லோரும் வழுக்கை என்று கூப்பிடும் மனிதரை, போனில் பிடித்தாள்.

"உங்களுக்கு நிஜமா முப்பத்தாறு எட்டுதான் வந்துச்சா?"

அவர் கொஞ்சம் இழுத்தார். "முதல்ல முப்பத்திரண்டுதான் வந்துச்சு. ஆனா கையேட்டுல உங்க நம்பர் இருக்கே. நாமதான் எங்கயோ கோட்டை விடறோம்னு திரும்பத் திரும்ப அளந்தோம். ஒருநாள் முப்பத்தாறு எட்டு வந்துச்சு. அப்பாடான்னு நிறுத்திட்டோம்."

"எதனால அன்னிக்கு மட்டும் ஏறிச்சுன்னு பாக்கலையா?"

"சரியா வந்ததை யாரு பாப்பா?"

அவளால் அவரைத் திட்ட முடியவில்லை. திட்டுகிற தகுதி கையை விட்டுப் போய் நாலு நாள் ஆகியிருந்தது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷம் கழிச்சு நாமளே எதுக்கு வாய் விடணும்? அவங்க கட்டுரை வரட்டும். நீங்க கருத்து எதுவும் இல்லைன்னு எழுதிடுங்க. யாருக்கும் மனசு நோகாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. கம்ப்யூட்டரை இந்த ஈதர்ல முக்கிக் குளிரவைக்கற தொட்டி செய்யற கம்பெனி உங்க நம்பரை வெச்சுத்தான் மூடி எல்லாம் டிசைன் பண்ணாங்கன்னு கேள்வி."

அது அவளைத் தூங்கவிடவில்லை. மூடிகள் பிய்த்துக்கொண்டு பறப்பதுபோலக் கற்பனை. நிஜமான அழுத்தம் அவள் சொன்னதைவிடக் குறைவு, அதனால் மூடி எதுவும் பறக்காது என்பது விடியும்போதுதான் உறைத்தது. ஆவியழுத்தத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்தவளுக்கு அது உறைக்க ஒரு முழு இரவு. இருந்தாலும் காலையில் அந்தக் கம்பெனியின் பொறியாளருக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டாள்.

"எந்த நம்பர், மேடம்?" என்றார் பொறியாளர்.

"முப்பத்தேழு புள்ளி நாலு. அது முப்பத்திரண்டு."

"ஓ, அதுவா. நாங்க 'ஒரு நாப்பது'ன்னு வெச்சு அதை ரெண்டால பெருக்கிட்டோம். எப்பவுமே அப்படித்தான். உங்கள மாதிரி ஆளுங்க நம்பரை அப்படியே போட்டா நாங்க பொழைக்க முடியுமா?"

நிம்மதி வந்தது, கூடவே அவமானமும். நான்காம் தசமத்துக்காகக் கண் கெட்டவள் அவள். உலகம் 'ஒரு நாப்பது' என்று வைத்துக்கொண்டு அதுபாட்டுக்கு ஓடியிருக்கிறது. நாலு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏழு வரி எழுதினாள். கட்டுரை சரி, என் மதிப்பு தவறு, நான் ஒரு சுற்று மட்டுமே செய்தேன், மூன்று என்று எழுதியது பொய்யாகிவிட்டது, நோட்டுப் பக்கத்தின் நகல் இணைப்பு. 'பஸ் 5.10' என்பதை மறைத்து நகல் எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். மறைக்கவில்லை. இயக்குநர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மறந்துபோனார்.

கட்டுரை அவளுடைய ஏழு வரியோடு சேர்ந்தே வெளிவந்தது. சில நாள் கழித்து அறிமுகமில்லாத எண்ணிலிருந்து போன். பையன்தான், நன்றி சொல்லக் கூப்பிடுகிறான் என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். பேசியது ஒரு பெண் குரல், அதுவும் நடுத்தர வயது தாண்டியது.

"மேடம், அந்த ஈதர் கட்டுரை நான் எழுதினது."

"நீங்களா? நான் யாரோ சின்னப் பையன்னு நெனச்சேன்."

"எனக்கு அம்பத்தஞ்சு. காலேஜ்ல லேப்பை நான் ஒருத்திதான் பாத்துக்கறேன்." அந்தப் பெண் தொடர்ந்தாள்: "பதினோரு மாசம் அளந்தேன், மேடம். ஒவ்வொரு தடவையும் முப்பத்திரண்டு. உங்க நம்பர் தப்பா இருக்கும்னு அப்போ நெனைக்கவே இல்ல. எனக்குத்தான் கை சரியில்ல, வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். ஒருநாள் குடுவையைக் கழுவி வெச்சுட்டு, இனிமே இந்த வேலையே வேணாம்னு வீட்டுக்குப் போயிட்டேன். அப்புறம்தான் ஆனது ஆகட்டும்னு, பழைய நம்பர் தப்புன்னு எழுதி அனுப்பினேன். உங்க ஏழு வரியைப் படிச்சதும் உக்காந்து அழுதேன். கோவத்துல இல்ல."

அதுவரை இந்த விஷயத்தில் அடிபட்டது தன் ஜம்பம் ஒன்றுதான் என்று நினைத்து, அதை வைத்து எல்லோரிடமும் ஜோக் அடித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மாதம் ஒருத்தி தன் கையையே நம்பாமல் கிடந்தது அந்த ஜோக்கில் எங்குமே இல்லை.

"மன்னிச்சுடுங்கன்னு சொன்னா சின்னதா இருக்கு" என்றாள் கடைசியில். "இருந்தாலும் சொல்றேன்."

"விடுங்க மேடம். பஸ்ஸைப் பிடிச்சீங்களா?"

"அது ஞாபகம் இல்ல. மேடம் எல்லாம் வேணாம், நீங்கதான் எனக்கு அக்கா."

அன்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். கிரீஸ் தடவாத கண்ணாடி இணைப்புகளைப் பற்றி, தண்ணீர் கசியாத இடுக்கிலும் இந்தத் திரவம் கசிவதைப் பற்றி, இரண்டு பேருக்கும் வந்திருக்கும் தோள்வலியைப் பற்றி. போனை வைக்கும் முன் அக்காதான் கேட்டாள், அந்த வருடம் வேறு என்னென்ன அளந்தாய் என்று. அவள் பச்சை அட்டை நோட்டைப் புரட்டிப் பதினாலு சேர்மங்களைப் படித்தாள். இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப அளப்பது என்று முடிவாயிற்று.

ஒன்றரை வருடம் ஆயிற்று. பத்து சரியாக இருந்தன. நாலு தவறு, நாலும் வெள்ளிக்கிழமை. கரைந்த காற்று அளவை எவ்வளவு ஏமாற்றும் என்று இரண்டு பேர் பெயரிலும் வந்த கட்டுரையைத்தான் இன்று அந்தத் துறையில் அதிகம் பேர் எடுத்துக்காட்டுகிறார்கள். அவள் சரியாக அளந்த எதையும் யாரும் இந்த அளவுக்குப் படித்ததில்லை. கையேட்டின் அடுத்த பதிப்பில் முப்பத்திரண்டு புள்ளி ஒன்று என்று அக்காவின் பெயரில் ஏறியது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் இன்னும் முப்பத்தேழு புள்ளி நாலு என்றே எழுதுகிறார்கள். மாதத்துக்கு ஒருவருக்காவது 'அது நான் செய்த தப்பு' என்று பதில் போடுவது அவளுடைய வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

சரி என்று விட்ட பத்திலும் ஒன்று தவறாகத் தெரிவதாகப் போன வாரம் அக்கா போன் செய்தாள். "இது செவ்வாய்க்கிழமை அளந்தது" என்றாள்.

"அப்போ அது நானா இருக்காது" என்றாள் இவள். நோட்டைப் பார்த்தால் அவள் கையெழுத்துதான்.