என் தம்பி மனைவியின் நிறம்

தம்பி மனைவியின் நிறத்தைக் களியில் பிடிப்பது லேசாக இருக்கவில்லை. அவளுக்கு ஒரு நிறமில்லை, இரண்டு. பண்டாரவளையில் வாங்கும் வெள்ளைக் கிரீமை முகத்துக்கு மட்டும் பூசுவாள். காதோரம் வந்ததும் கிரீம் நின்றுவிடும். அங்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ரோசாப்பூ, கீழே நம்முடைய நிறம்.

என் மகள் துபாயில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பெட்டி பொலிமர் களியும் சின்னதாய் ஒரு கரண்டு அடுப்பும் கொண்டுவந்தாள். களி என்று பெயர்தான், மண்ணில்லை. பிளாஸ்டிக்கில் செய்த மாவு. பிசைந்து உருவம் பிடித்து அடுப்பில் வைத்தால் கெட்டிப்படும். அவள் அதில் தோடு செய்து அப்புத்தளை பேன்சிக் கடைக்குக் கொடுத்தாள். நிறம் கலக்கும் வேலை என்னிடம் வந்தது. ஐந்தாம் வகுப்போடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவள் நான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி குத்தி என் இடது கண்ணில் பூ விழுந்து பல வருடமாகிறது. ஆனாலும் நிறம் என்றால் அந்த ஒற்றைக் கண்ணே எனக்குப் போதும்.

அந்தக் கண்ணை வைத்துத்தான் தம்பி மனைவி என்னைப் பேசினாள்.

தம்பி மகளின் சடங்கு அது. தம்பி எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை. அம்மா மலைக்குப் போனதும் நான்தான் அவனை இடுப்பில் தூக்கி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டு வருவேன். அவன் மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது அத்தையான என் உரிமை. புதுச் சேலை கட்டி, தட்டில் சீர் வைத்துக்கொண்டு முதல் ஆளாய் நின்றேன். மண்டபம் முழுக்க எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சனம். அவள் வந்தாள்.

"மதினி, நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்க. அந்தக் கண்ணோட முன்னால நின்னா புள்ளைக்குப் பட்டுரும்."

மெல்லச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எல்லாருக்கும் கேட்டது. தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நான் சாப்பிடவில்லை என்பது யாருக்கும் தெரியாது. எனக்குச் சபையில் வாய் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் வாய் வராதவள் மறந்துவிடுவாள் என்று நினைத்தால் அது தப்பு.

பேன்சிக் கடை முதலாளி ஒரு நாள் மகளிடம், "திருஷ்டி மூஞ்சி செஞ்சு குடுங்களேன், வீடு கட்டுறவங்க எல்லாம் கேக்குறாங்க" என்றார். வாசலில் தொங்கவிட்டுக் கண்ணேறு விரட்டும் கோர முகம். மகளுக்கு இஷ்டமில்லை. நான் செய்கிறேன் என்றேன்.

இரண்டு நிறத்தைக் கோடு தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டையும் முக்கோணமாய் வெட்டி, சாய்த்து ஒட்டி, ஒரே பக்கமாக மடித்து மடித்துப் போத்தலால் உருட்ட வேண்டும். உருட்ட உருட்ட மேல்நிறம் கீழ்நிறத்தில் இறங்கும். நான் பாதியில் நிறுத்தினேன். எனக்கு அந்தக் கோடு வேண்டும். முகத்துக்கு வெள்ளையில் கடுகளவு மஞ்சள், அதிலும் கொஞ்சமாய்ச் சிவப்பு. வெந்தால் நிறம் ஒரு பிடி கூடும் என்பதால் வெள்ளையைத் தாராளமாய்ப் போட்டேன். கண்ணுக்குக் கறுப்புத் திரியைச் சுற்றி வெள்ளை, அதைச் சுற்றிச் சிவப்பு வைத்து உருட்டி வட்டமாய் அரிந்தேன். அரியும் ஒவ்வொரு துண்டும் ஒரே முழி. சாக்கட்டியைச் சுரண்டி அந்தத் தூளைக் கன்னத்தில் தேய்த்தேன், அவள் கலியாணங்களுக்குப் பூசுகிற மாதிரி.

மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தி! அம்மா, இது நம்ம மாமி மூஞ்சியேதான்!"

"வாய மூடுடி. வேகட்டும்."

"நாக்கு வேற தொங்குது."

"அவளுக்கு நாக்குத்தானே எல்லாம்."

வெந்து ஆறியபின் காப்பி நிறப் பெயின்டை முகம் முழுக்க அப்பி, ஈரத்துணியால் துடைத்தேன். மேட்டில் இருந்தது போய்விடும். சுருக்கங்களுக்குள் இறங்கியது நிற்கும். கிரீம் பூசி அவள் மறைத்த சுருக்கமெல்லாம் ஒவ்வொன்றாய் மேலே வந்தன. அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

லயத்துப் பெண்களுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தார்கள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள், வாங்கினார்கள். "பெரியம்மா, எனக்கும் ஒன்னு. கழுத்து நல்லாக் கறுப்பா இருக்கட்டும்!" வாசலுக்கு வாசல் அவள் தொங்கினாள், பச்சை மிளகாய்க்கும் எலுமிச்சைக்கும் நடுவில்.

ஆனால் அவளுக்குத் தெரியவில்லையே. அடி வாங்கியவளுக்கு வலிக்கவில்லை என்றால் அது என்ன அடி? அவளிடம் போய்ச் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை.

தம்பி ரோட்டோரத்தில் மாடி வீடு கட்டினான். அவளே பேன்சிக் கடையில் இருப்பதிலேயே பெரிய மூஞ்சியைத் தேடி வாங்கி வாசலில் மாட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். குடிபுகுந்த அன்று அதன் பக்கத்தில் நின்று சிரித்துப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டாள். இரண்டு முகம், இரண்டு கழுத்து, இரண்டு கோடு. மடுல்சீமையில் இருக்கும் சொந்தக்காரர்கள்கூட அதன் கீழே சிரித்துத் தள்ளினார்களாம். மகள் வாசித்துக் காட்டினாள். பொழுது சாயும்முன் தம்பி மனைவி படத்தை நீக்கிவிட்டாள்.

மறுநாள் காலை முச்சக்கரவண்டியில் லயத்துக்கு வந்து இறங்கினாள். கையில் அந்த மூஞ்சி. முகத்தில் அன்று கிரீம் இல்லை.

"இது என் மூஞ்சியா?"

வழக்கமாய் நான் தரையைப் பார்ப்பேன். அன்று அவளைப் பார்த்தேன்.

"ஆமா."

"என்னத்துக்கு மதினி? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. மண்டபத்தில் பட்டதைவிட அது எனக்கு அதிகமாய்ச் சுட்டது. சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாய், பக்கத்து வீட்டுக் காம்பராக்களுக்கும் கேட்கிற மாதிரி. என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது.

"அதுவா? எங்கம்மாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாங்க. அதுக்குப் போயி இப்பிடியா?"

"ஒன் நல்லதுக்குத்தான்டி. ஒன் மூஞ்சிய மாட்டுன வீட்டுக்கு எந்தக் கண்ணும் கிட்ட வராது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் மூஞ்சியைச் சிமெந்துத் தரையில் ஓங்கி அடித்தாள். பதமாய் வெந்த களி உடையாது, வளையும். அது ஒரு துள்ளுத் துள்ளி, மல்லாக்க விழுந்து, நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. அவள் கண்ணில் தண்ணீர். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் தோன்றவில்லை.

அவளை ஏற்றிவந்த வண்டிக்காரர் குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்தார். பண்டாரவளைப் பக்கத்து ஆள், சங்கதி தெரியாதவர்.

"பெரியம்மா, வேணாம்னா எனக்குத் தாங்களேன். வண்டிக்குப் பின்னால கட்டிக்கிறேன்."

"நல்லா இறுக்கிக் கட்டுங்க தம்பி" என்றேன்.

அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. பனிமூட்டத்தில் குடையில்லாமல் நடந்தே இறங்கினாள். வண்டிக்காரர் கொஞ்ச தூரம் மெதுவாய்ப் போய் "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவளைத் தாண்டிப் போனார். வளைவு திரும்பும்வரை அந்த முகம் பின்பக்கத்திலிருந்து அவளையே முறைத்துக்கொண்டு போனது.