ரெண்டாவது கோல்

என் வீட்டுக்காரருக்கு ரெண்டு குடும்பம். ஒன்று நானும் மகளும். இன்னொன்று அர்ஜென்டினா. இதில் எனக்குப் பொறாமை கிடையாது என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

நான் பொன்னமராவதிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய்தான், அதுவும் மழை பெய்த வருஷம். ஜெகதாப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரம், இந்த மனுஷன் கூட்டிக்கொண்டு போய்க் கடலைக் காட்டுவார் என்று தலை சீவிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த அர்ஜென்டினா கால்பந்து அணியின் படங்களைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கதை எனக்கு இப்போது மனப்பாடம். முப்பதாம் வருஷம் நடந்த முதல் உலகக் கோப்பையிலேயே பைனல் வரைக்கும் போய் உருகுவேயிடம் தோற்றது. எழுபத்தெட்டில் சொந்த மண்ணில், மைதானமெல்லாம் காகிதத் துண்டு பறக்க, நீள முடி வைத்த ஒருத்தர் பைனலில் ரெண்டு கோல் அடித்து முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தது. பிறகு வந்தார் அந்தக் குள்ளமான கேப்டன். எண்பத்தாறில் மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு கோலைக் கையால் தட்டிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடினார். கொஞ்ச நேரத்திலேயே, பாதி மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு கிளம்பி, குறுக்கே வந்தவனையெல்லாம் தாண்டி, கோல்கீப்பரையும் தாண்டி, ரெண்டாவது கோலைப் போட்டார். இந்த இடம் வரும்போது என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிடுவார். சோற்றுத் தட்டு கையில் இருந்தாலும் சரி.

அதற்குப் பிறகு எல்லாம் அழுகாச்சிதான். தொண்ணூறில் பைனலில் கடைசி நேரத்தில் ஒரு பெனால்டியில் போனது. ரெண்டாயிரத்துப் பதினாலில் இன்னொரு பத்தாம் நம்பர், இவரும் குள்ளம், இடது கால்காரர், பைனல் வரை கொண்டுவந்து தோற்றுக் கோப்பையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தது. அடுத்த ரெண்டு வருஷத்தில் இன்னொரு பைனலில் அவரே பெனால்டியைத் தவறவிட்டு, இனி நாட்டுக்கு ஆடமாட்டேன் என்று சொன்னது. அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. அவர் மனசு மாறித் திரும்பி வந்த செய்தி கேட்டுத்தான் இவர் முகச்சவரம் செய்துகொண்டார்.

இதில் யாராவது ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் போதும், மனுஷனுக்கு மூக்கு சிவந்துவிடும். ஒருமுறை துட்டி கேட்கப் போன வீட்டில், பந்தலில் யாரோ வருஷத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். இவர் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கத்தாரில் உலகக் கோப்பை நடந்த சமயம். அர்ஜென்டினாவுக்கு முதல் ஆட்டம், சவுதி அரேபியாவோடு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு. திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் விசைப்படகில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார், அவரோடு மூன்று பேர். மறுநாள் விடிய வந்துவிடுவார்கள், மீனை இறக்கிவிட்டுக் குளித்து மேட்ச் பார்க்கலாம் என்று கணக்கு. ராத்திரி காற்றும் மழையும் சாத்து சாத்தென்று சாத்தியது. நான் தூங்கவில்லை.

விடிந்ததும் விசைப்படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டு மணிக்கெல்லாம் எங்களுடையதைத் தவிர எல்லாம் வந்துவிட்டன.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கரை சேராத படகைப் பற்றி யாரும் "வரலை" என்று சொல்லமாட்டார்கள். "பின்னாடி வாராங்க" என்பார்கள். பத்து மணிக்கும் பின்னாடி வாராங்க, பன்னிரண்டு மணிக்கும் பின்னாடி வாராங்க. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பின்னாடி? மற்ற மூன்று பேருடைய பொண்டாட்டிகளும் ஐஸ் பிளான்ட் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் அந்த ஐஸ் பிளான்டில்தான் பில் போடுகிறேன். அன்றைக்கு எத்தனை பார் ஐஸ் போனது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

எல்லை தாண்டிப் போய் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருந்தால் பெரும்பாலும் மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிடும். டிவியில் ஓடும், போனில் வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பிடிபடவில்லை என்றால் படகு எங்கே? கடைசியாக வந்த படகுக்காரர் ஒருத்தர் ஐஸ் பிளான்ட் மேலாளரிடம் ரகசியமாகச் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. காற்று அடங்கின பிறகு ஒரு ஐஸ் பெட்டி மூடி தண்ணியில் மிதந்து போனதைப் பார்த்தாராம். யாருடையது என்று தெரியாதாம். மற்ற மூன்று பெண்களிடம் நான் அதைச் சொல்லவில்லை.

ஐஸ் பிளான்ட் ஆபீஸில் ஒரு வயர்லெஸ் செட் இருக்கிறது. முதலாளிக்குப் படகுகளும் உண்டு என்பதால் வைத்திருக்கிறார். காலையிலிருந்து மேலாளர் எங்கள் படகின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. அதற்கும் அவர் ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

"எல்லைக்குக் கிட்ட நின்னா பேரு சொல்லிக் கூப்பிட்டா பேசமாட்டாங்க தங்கச்சி. பேசினா ரோந்துக்காரனுக்கு இங்கிட்டு இருக்கோம்னு காட்டிக் குடுத்தாப்புல ஆயிரும். நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம்தான். நீங்க பயப்படாதீங்க."

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பேசாமல் இருப்பவனும் செத்தவனும் வயர்லெஸ்ஸில் ஒரே மாதிரிதான் இருக்கிறான். இதை நான் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

மூன்றரைக்கு மேட்ச் ஆரம்பித்தது. ஐஸ் பிளான்ட் முன்கூடத்தில் பெரிய டிவி. ஊரில் பாதி ஆம்பளைகள் அங்கேதான். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார்கள், ஆனால் டிவியை நிறுத்தவில்லை. நான் யாரையும் குறை சொல்லமாட்டேன், நிறுத்தச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்திலேயே பத்தாம் நம்பர் பெனால்டியில் கோல் போட்டார். மேலாளர் வழக்கப்படி வயர்லெஸ்ஸில் சொன்னார், "அர்ஜென்டினா ஒண்ணு, சவுதி முட்டை." மேட்ச் நாளில் கடலில் இருக்கிறவர்களுக்குக் கரையிலிருந்து ஸ்கோர் சொல்வது எங்கள் ஊரில் எப்போதும் நடக்கிறதுதான். கரைக்குப் பக்கத்தில் இருந்த நாட்டுப்படகுக்காரர்கள் ரெண்டு பேர் வயர்லெஸ்ஸிலேயே விசிலடித்தார்கள்.

அதற்குப் பிறகு அர்ஜென்டினா மூன்று தடவை பந்தை உள்ளே போட்டது. மூன்றும் ஆப்சைடு. இடைவேளை முடிந்து வந்ததும் சவுதிக்காரர்கள் அடுத்தடுத்து ரெண்டு கோல் போட்டார்கள். கூடத்தில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. மூன்று வருஷமாகத் தோற்காத அணி. மேலாளர் ஸ்கோர் சொல்ல மைக்கை எடுத்தார், எடுத்தவர் சொல்ல மனசில்லாமல் வைத்துவிட்டார்.

நான் அந்த மைக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மனுஷன் உயிரோடு இருந்து, காது கேட்கிற தூரத்தில் ஒரு செட் இருந்தால், அர்ஜென்டினா ஸ்கோரைக் கேட்காமல் இருக்கமாட்டார். கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்றால், அவரைப் பேச வைக்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. கூப்பிட்டால் வராதவர், தப்பாகச் சொன்னால் வருவார்.

மைக்கைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். பட்டனை அமுக்கினேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எண்பத்தாறுல இங்கிலாந்தை செயிச்ச மேட்ச்ல ரெண்டு கோலுமே கையாலதான் போட்டது. ரெண்டாவதும் கைதான். கள்ளக் கோலு. காலால போட்டதா சொல்றது எல்லாம் கட்டுக்கதை."

மேலாளர் வாயைப் பிளந்தார். பட்டனை விட்டதும் முதலில் கரைக்குப் பக்கத்தில் இருந்த நாட்டுப்படகிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது.

"யாரும்மா அது? தெரியாட்டிச் சும்மா இருங்க! ரெண்டாவது கோலப் பத்தி எவனாவது இப்பிடிச் சொல்லுவானா?"

அது எங்கள் ஊர்க் குரல். எனக்கு வேண்டியது அது இல்லை. இன்னொருத்தர் திட்டினார். அதுவும் இல்லை. நான் மறுபடி அமுக்கினேன். எழுபத்தெட்டில் கோப்பை வாங்கியது பிரேசில் என்றேன். பதினாலில் பைனலுக்கே வரவில்லை என்றேன். வாயில் வந்ததையெல்லாம் மாற்றிச் சொன்னேன். கடைசியில் சொன்னது எனக்கே விளங்கவில்லை. ஒவ்வொரு தடவை பட்டனை விடும்போதும் இரைச்சல் மட்டும்தான் வந்தது. வாசலில் இருந்த மூன்று பெண்களும் சன்னல் வழியே என்னைப் பார்த்தார்கள். இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"போதும் தங்கச்சி" என்றார் மேலாளர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. என் கையிலிருந்து மைக்கை மெதுவாக எடுக்கப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, விட்டு விட்டு.

"அக்கா, நீங்கள் சொல்லுறது பிழை. ரெண்டாவது கோல் கால்தான். இடக்கால். முழு ஆக்களையும் வெட்டிக்கொண்டு போய்ப் போட்டது. அதைப் போய்க் கை எண்டு சொன்னா எப்பிடிப் பொறுக்கிறது?"

என் வீட்டுக்காரர் இல்லை. எங்கள் ஊர்க்காரரே இல்லை. அந்தப் பக்கத்து ஆள், யாழ்ப்பாணத்துப் பேச்சு. பட்டனை அமுக்கி எங்கள் படகின் பேரைச் சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன்.

இரைச்சலுக்கு நடுவே அவர் சொன்னார்:

"காலமையில இருந்து நீங்கள் அந்தப் பேரைக் கூப்பிடுறது எனக்குக் கேட்டதுதான். நான் ஏன் பதில் சொல்லோணும்? உங்கட இழுவைப்படகுகள் வந்து என்ர வலையில பாதியை அறுத்துக்கொண்டு போனது போன மாசம். என்ர பிள்ளையளுக்கு ஆர் சாப்பாடு தாறது?"

நியாயமான கேள்வி. "அண்ணே" என்றேன். பட்டனை அமுக்கினபடியே அழுதிருக்கிறேன், அது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"அழாதேங்கோ. விடியேக்க கண்டனான். அந்தப் போட்டின்ர எஞ்சின் ஓடேல்லை, சும்மா அடிபட்டுக்கொண்டு எங்கட பக்கம் வந்தது. ரோந்துக்காரர் கட்டி இழுத்துக்கொண்டு போனவை. நாலு பேரும் மேல்தட்டில நிண்டவை. ஒராள் நீலமும் வெள்ளையும் வரி போட்ட சட்டை, முதுகில பத்து."

அந்தச் சட்டையைத் திங்கட்கிழமை காலையில் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். ஈரமாக இருக்கிறது, போடாதீர்கள் என்று சண்டை போட்டேன். பரவாயில்லை புள்ள, நாளைக்கு மேட்ச் என்று சொல்லிப் போட்டுக்கொண்டு போனார்.

"நாலு பேரா அண்ணே? நல்லாப் பாத்தீங்களா? நாலு பேருமா?"

"நாலும்தான். ஓம். நிண்டவை. ஒருத்தருக்கும் காயம் எண்டு தெரியேல்லை." பிறகு கொஞ்சம் தயங்கி, "இப்ப ஸ்கோர் என்ன அக்கா?" என்றார்.

கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. வெள்ளையும் நீலமும் போட்டவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். பத்தாம் நம்பர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். சொன்னேன். அந்த முனையில் ஒரு பெருமூச்சு வந்தது. அதற்கப்புறம் அந்தக் குரல் வரவில்லை, தூரம் போயிருப்பார். நன்றி சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

நான் வெளியே ஓடினேன். கூடத்தில் ஆம்பளைகள் எழவு வீட்டில் இருப்பது போல இருந்தார்கள், ரெண்டு பேர் நிஜமாகவே அழுதார்கள். அவர்களைத் தாண்டி வாசலுக்குப் போய் மூன்று பேரையும் பார்த்து மூச்சு வாங்கச் சொன்னேன்.

"நம்ம ஆளுகளப் பிடிச்சுட்டாங்களாம். நாலு பேரையும்."

இந்த ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டால் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் விழுவார்கள். ஜெயில், கோர்ட், படகு போச்சு, எத்தனை மாசமோ என்று ஒப்பாரி ஆரம்பிக்கும். அதெல்லாம் மறுநாளிலிருந்து எங்களுக்கும் வரத்தான் செய்தது. ஆனால் அந்த நிமிஷம் மூன்று பேரும் என்னைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அவர்களில் இளையவள், மாசமாக இருந்தவள், என் ரெண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"நெசமாவாக்கா? பிடிச்சுட்டாங்களா? உயிரோடவா?"

"ஆமாடி. உயிரோடதான் பிடிச்சிருக்காங்க."

அவள் சிரித்தாள். பிறகு நாங்கள் நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, பிடிச்சுட்டாங்க, பிடிச்சுட்டாங்க என்று நடுவாசலில் நின்று சிரித்தோம். மேட்ச் தோற்ற துக்கத்தில் வெளியே வந்த ஆம்பளைகள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.