பாதி மடங்கிய பூ

எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் ஸ்மராக்தி. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் வரை அவளுக்கு வேலை இல்லை. மற்ற ஓட்டுநர்கள் காப்பிக் கடையில் சீட்டாடும் நேரத்தில் அவள் மேட்டுக்காட்டில் ஆர்க்கிட் தேடிக்கொண்டிருப்பாள். எங்கள் கிரீட் தீவில் பிப்ரவரி பிறந்தால் கல்லிடுக்கெல்லாம் அவைதான். ‘மெலிஸாகி’ என்போம், குட்டித் தேனீ. கீழ் இதழைப் பார்த்தால் ரோமம் அடர்ந்து, பெண் தேனீ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

அந்த வருஷம் ஒரு பூ அவளைப் படுத்தி எடுத்தது. சரிவின் மேல்பக்கத்துப் பூக்களில் கீழ் இதழ் முழங்கால் மாதிரி மடங்கியிருக்கும். கீழ்ப்பக்கத்தில் இருப்பவை வேறு இனம், இதழ் நேராக இருக்கும். நடுவில் தனியாக நின்ற இதுவோ பாதி மடங்கியிருந்தது. பெயர் கண்டுபிடிக்கப் பூக்கையேட்டைப் புரட்டிப் புரட்டி அலுத்துப்போனாள்.

அவள் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவனின் தம்பி மனூசோஸ் வெள்ளாடுகளோடு வந்தான்.

“என்ன அண்ணி, காதுத்தோடு ஏதும் தொலைஞ்சிருச்சா?”

“ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டுடா. இதுல வாய வச்சுதுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

“ஒரு பூவுக்குப் பேரு தெரியறதுக்கா இந்தத் தவம்? என் ஆட்டுக்கே நான் பேரு வைக்கல.”

சொன்னானே தவிர, பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டான். வெயில் ஏறியதும் ஒரு தேனீ வந்து மேல்பக்கத்துப் பூவில் இறங்கியது. தலைகீழாகத் திரும்பி, வாலை ரோமத்துக்குள் அழுத்தி நடுங்கியது.

“அடப்பாவி! பொண்ணுன்னு நெனச்சுப் பூவக் கட்டிப் பிடிச்சிட்டிருக்கான்!” மனூசோஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஸ்மராக்தி சிரிக்கவில்லை. பறந்த தேனீயின் வாலில் மஞ்சள் மகரந்த உருண்டைகள் ஒட்டியிருந்தன. அது நேரே கீழ்ப்பக்கத்துப் பூவில் போய் இறங்கி, அதையும் அதேபோல் கட்டிக்கொண்டது.

“பாத்தியா? அங்கேருந்து எடுத்து இங்க குடுத்துட்டான்!”

மனூசோஸ் தாடியைச் சொறிந்தான். “போன வருஷம் பக்கத்து மந்தைக் கெடா வேலி தாண்டுச்சே, அந்தக் கத தான். பொறந்த குட்டிக்கெல்லாம் காது பாதி நிமிந்து பாதி தொங்கல?”

அவள் எழுந்தே விட்டாள். மேலே ஓடினாள், கீழே ஓடினாள், இதழோடு இதழை ஒப்பிட்டாள். “ரெண்டுல எதுன்னுல்ல தேடிட்டிருந்தேன்! இது ரெண்டுக்கும் பொறந்தது, மனூசோஸ்!”

அன்று பேருந்து தாமதம். வழியெல்லாம் தேனீ ஏமாந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். “அவனுக்கு நெசமான பொண்டாட்டி கெடைப்பாளா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். “பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றாள் ஸ்மராக்தி.

மறுநாளிலிருந்து அதைப் பார்க்கவே மேட்டுக்குப் போனாள். சில வாரத்தில், ஆண்களுக்குப் பிந்தியே பிறக்கும் பெண் தேனீக்கள் மண் வளைகளிலிருந்து வெளிவந்தன. அதன்பிறகு ஆண் தேனீக்கள் பூக்களை ஏறிட்டும் பார்க்கவில்லை என்று பேருந்திலேயே அறிவித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.