அந்த வெள்ளிக்கிழமை போனில் நான் சொன்னது

பச்சைத் தென்னங்குருத்து எரிந்தால் ஒரு வாசனை வரும். பாகு அடிப்பிடித்த மாதிரி, லேசான இனிப்போடு... அந்த வாசனையில்தான் அன்று ராத்திரி எழுந்து உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். ஓட்டு வீடு, சுற்றிலும் தென்னந்தோப்பு. வீட்டில் நான், மாமனார், நான்கு வயது மகள் கவி. அவ்வளவுதான். என் கணவர் சார்ஜாவில் எலக்ட்ரீஷியன். போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அவர் போன புதிதில் அனுப்பிய சம்பளத்தில் மாமா தன் கையால் வைத்தவை அந்த நூற்றிருபது தென்னங்கன்றுகள். "மரம் காய்ப்புக்கு வந்ததும் விசாவ கேன்சல் பண்ணிட்டு வந்துடுவேன்" என்று என்னைப் பெண் பார்க்க வந்தபோதே சொன்னார். அந்த ஐப்பசியில் ஏறக்குறைய எல்லா மரமும் பாளை விட்டிருந்தது. அடுத்த மாதம் ஒரேயடியாக வருவதாகப் பேச்சு.

அன்று சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ரேடியோவில் இடியுடன் மழை என்றார்கள், ஐப்பசியில் அது புதிதா?

கதவைத் திறந்தால், கொட்டுகிற மழையில் வாசலுக்கு நேரே இருந்த மரத்தின் உச்சி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இடி விழுந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்கிலிருந்து காற்று வந்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை. ஓடுகள் கொத்துக் கொத்தாகப் பறந்தன.

"புள்ளையத் தூக்கும்மா!" என்று மாமா கத்தினார்.

அறுப்புக்கு இன்னும் நாள் இருந்ததால் நெல் கொட்டும் மரப் பத்தாயம் காலியாகக் கிடந்தது. கவியை அதற்குள் இறக்கி, மேலே பாயைப் போட்டு, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் குந்தினோம். கதவு படபடவென்று அடித்தது.

உள்ளேயிருந்து கவி கேட்டாள், "யாரும்மா கதவத் தட்டுறது... அப்பாவா?"

மரங்கள் சாய ஆரம்பித்தன. முதலில் வேர் அறுபடும் சத்தம், பிறகு தரை அதிரும். மாமா விழ விழ எண்ணிக்கொண்டிருந்தார். முப்பதோ நாற்பதோ... அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார்.

விடிந்தபோது வீட்டுக்குள் அப்படி ஒரு வெளிச்சம். வீட்டைச் சுற்றி நிழல் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஒரு காக்காய்ச் சத்தம்கூட இல்லை. நின்றது பத்தொன்பது மரம். மாமா விழுந்த ஒவ்வொரு மரத்திடமும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அழவில்லை. சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காற்று ஒரு கோடு கிழித்த மாதிரி எங்கள் ஊரோடு போய்விட்டது. பக்கத்து ஊரில் ஒரு மட்டைகூட விழவில்லை. பேப்பரில் ஒரு வரி வரவில்லை. சார்ஜாவில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அவர் வெள்ளிக்கிழமைதோறும் தெருமுனை ஜமீலாக்கா வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் லைன் சரியானது. கிளம்பும்போது மாமா சொன்னார்.

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதம்மா. வரட்டும். வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"வேலைய விட்டுட்டு வந்து என்ன மாமா பண்ணுவாங்க?"

"கஞ்சி குடிச்சுக்கிறோம். எம்புள்ள என்கூட இருக்கட்டும்."

கூடவே வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை, ஜமீலாக்கா வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

போனில் அவர் குரலை அவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதே இல்லை. "செல்வி, வேலைய விடுறேன்னு நாளைக்கு எழுதிக் குடுத்துடப் போறேன். கவிக்கு என்ன வேணுமாம், கேளு..."

என்னால் மறைக்க முடியவில்லை.

"என்னங்க... மரமெல்லாம் போச்சுங்க."

 அவருக்குப் பின்னால் யாரோ அரபியில் பேசுவது கேட்டது.

"எல்லாமா?"

"பத்தொம்பது நிக்குது."

"உங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க."

"சரி... வச்சிடறேன்."

ஜமீலாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னதுதாம்மா சரி" என்றார். அவர் வீட்டுக்காரரும் வெளிநாட்டில்தான், சவூதியில். திரும்பும்போது மாமா முன்னால் நடந்தார்.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் மாமா."

"ம்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் ஒரு நாளும் எடுத்ததில்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

என் கணவர் இன்னும் ஒன்பது வருஷம் சார்ஜாவிலேயே இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. ஆறாவது வருஷம் மாமா போய்ச் சேர்ந்தார். மகன் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பிள்ளை.

அவர் ஊரோடு வந்த பிறகு ஒரு மத்தியானம், மோட்டாரைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ தோன்றிச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் மாமா சொன்னாங்க."

கை நின்றது. "அப்பா பேச்சக் கேட்டிருக்கலாம்ல நீ" என்றார். கோபமே இல்லை. மறுபடி ஸ்குரூவைத் திருக ஆரம்பித்தார்.

இந்தக் கான்கிரீட் வீடு, கவியின் படிப்பு எல்லாம் அந்த ஒன்பது வருஷத்தில் வந்ததுதான். அது அவருக்கும் தெரியும். 

இப்போது கவி சிங்கப்பூரில் இருக்கிறாள். இங்கே வானம் கறுத்தாலே போன் வந்துவிடும். "அம்மா, நம்ம பக்கம் ரெட் அலர்ட் காட்டுது. அப்பாவ தோப்புக்குப் போக வேணாம்னு சொல்லு." ஒரு மரம் சாய்ந்தால் விடிகாலையில் வீடியோ காலில் அவரே அவளுக்குக் காட்டிவிடுகிறார்.

சொல்வதா வேண்டாமா என்று இப்போது யாரும் யோசிக்க வேண்டியதில்லை. எல்லாம் அதுவாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அப்போதும் இப்படி இருந்திருந்தால் அவர் வராமல்தான் இருந்திருப்பார்... ஆனால் அது நான் சொன்னதால் ஆனதாக இருந்திருக்காது.