கியர்ப்பெட்டிக்கு ஐந்து

என் மாமாவுக்குப் பொறுமை கிடையாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். அம்மாவுடைய தம்பி அவர். ஆர்.எஸ்.புரத்தில் அம்மா பட்டுக்கடைக்குள் நுழைந்து, நாற்பது புடவைகளைப் புரட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், எதிர்ச்சாரி ஆயில் கடையில் மாமா இன்னும் முதல் சொட்டையே விரல்களுக்கு நடுவே தேய்த்துக்கொண்டிருப்பார். தேய்த்ததை முகர்ந்தும் பார்ப்பார்.

"ஏனுங்க, பொண்ணு பாக்கறாப்புல பாக்கறீங்க?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"பொண்ணு புடிக்கலீன்னா ஊட்டுக்குப் போயிச் சொல்லியுடலாமுங்க. இது ஊத்துனா ஊத்துனதுதானுங்க" என்றார் மாமா.

இவ்வளவும் எதற்கு? சிங்காநல்லூரில் அப்பாவும் மாமாவும் நடத்திய மோட்டார் பம்பு பட்டறையின் பின்பக்கம் நின்ற ஒரு பழைய காருக்கு. மாமா அதை நட்டு நட்டாகப் பிரித்து, பந்தயத்துக்காக மறுபடி பூட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊருக்கு வெளியே பந்தயத் திடலில் ஓட்டுவார். ஜெயித்தது என்று ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கோ பட்டறை வேலை கெடுகிறதே என்று எரிச்சல்.

"இந்தத் தடவ மூணு பேருக்குள்ள வரோணும் மாப்ள. இல்லீன்னா வண்டிய வித்துப்போடு" என்று அப்பா ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் சொல்லிவிட்டார். மாமா சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்த வண்டி போனால் மாமா என்ன ஆவார் என்று எனக்குத்தான் கவலை. எனக்கு அப்போது பத்து வயது.

அந்தப் பந்தயத்துக்கு மூன்று விதமான ஆயில் வாங்கினார். சூட்டிலும் நீர்த்துப்போகாத கெட்டி ஆயில் இன்ஜினுக்கு. கியர்ப்பெட்டிக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் கிரவுன் பல்சக்கரத்துக்கு ஒன்று. எனக்குக் கைராசி என்பது பட்டறையின் நம்பிக்கை. பூஜைக்குச் சந்தனம் வைப்பதும் நான், பம்பில் சீட்டு ஒட்டுவதும் நான். ஆகவே சனிக்கிழமை டப்பாக்களை என் முன்னால் வைத்தார்.

"நாலுன்னு போட்டது கியர்பாக்ஸுக்கு, அஞ்சு கிரவுனுக்கு. எழுதி ஒட்டிப்போடு கண்ணு. கியர்பாக்ஸுதான் நம்ம உசுரு" என்று சொல்லிவிட்டு ஜாக்கியைத் தேடப் போனார்.

உயிர் என்று சொல்லிவிட்டு அதற்கு நாலா? ஐந்தல்லவா பெரியது! யாருக்கும் தெரியாத பின்பக்கத்துக்கு உயர்ந்த சரக்கை ஊற்றி, உயிருக்கு மட்டமானதை ஊற்றப் பார்க்கிறாரே, இந்த மாமா சுத்த வெகுளி என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தின் மேல் 'கியர்' என்றும், நாலின் மேல் 'கிரவுன்' என்றும் எழுதி, அந்த எண்கள் மறையும்படி ஒட்டி, சந்தனப் பொட்டும் வைத்தேன். மாமா என் எழுத்தைப் பார்த்தார், ஊற்றினார். கைராசிக்காரியைச் சரிபார்க்கிற வழக்கம் எங்கள் பட்டறையில் இல்லை.

ஞாயிறு காலை, யார் முன்னால் நிற்பது என்று தீர்மானிக்கிற ஓட்டத்தில், மாமா கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி கறகறவென்று கத்தியது. இரண்டே சுற்றில் திரும்பி வந்துவிட்டார். காலி டப்பாவை எடுத்து, என் சீட்டை நகத்தால் மெதுவாகப் பிரித்தார். அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"என்னடா ஆச்சு?" என்று அப்பா ஓடி வந்தார்.

"நாந்தானுங்க மச்சான், ஆயில மாத்தி ஊத்திப்போட்டேன்."

அடடா, நான் சரியாக ஒட்டி வைத்தும் இவர் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டையும் வடித்து, மிச்சமிருந்த டப்பாக்களிலிருந்து மாற்றி ஊற்றி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. கடைசி ஆளாகக் கிளம்பினார். ஒவ்வொருவராக முந்திக்கொண்டு வந்தார், நான் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிக்கொண்டது. ஐந்தாவதாக வந்தார். அடுத்த மாதம் ஈரோட்டிலிருந்து மஞ்சள் வியாபாரி ஒருவரின் மகன் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

அதன்பிறகு நான் மாமாவை விட்டேனா? காதுகுத்து, கல்யாணம், எங்கே பார்த்தாலும் "மாத்தி ஊத்துன மாமா வாராரு" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வேன். "ஆமா அம்மணி, மாமனுக்கு மறதி சாஸ்தி" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். இருபது வருடம் சிரித்தார்.

போன மாதம் நானே ஒரு பழைய வண்டி வாங்கினேன், அவர் கிறுக்கு எனக்கும் ஒட்டிக்கொண்டதுதான். கியர் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. உயர்ந்ததாக, ஐந்தாகவே ஊற்றுங்கள் என்றேன். மெக்கானிக் சிரித்துவிட்டார். "அஞ்சு கிரவுனுக்குங்க மேடம். கியர்பாக்ஸுக்குள்ள பித்தளை ரிங்கு இருக்குது. அஞ்ச ஊத்துனா வழுக்கும், கியர் உழுகாம கத்துமுங்க. பெருசு சிறுசுன்னு இல்லீங்க, அதது வேற வேலை."

 பந்தயத்தன்று காலை என் சீட்டைப் பிரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தாரே மாமா, அதை ராசிக்காகப் பத்திரப்படுத்துகிறார் என்றுதான் நான் நினைத்தேன். பெருமையில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து அதைக் காட்டக்கூடப் போனேன். மாமா அவசரமாகத் தலையை ஆட்டி என்னைத் தடுத்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.